மதில் வரியும் மனை வரியும்

குடியிருக்க ஓர் ஊரைத் தெரிந்தெடுப்போர் நம் முன்னோர் காலத்தில் மூன்று செய்திகளையே கேட்டறிந்தனர். தொழுவதற்குப் பள்ளிவாசல் அருகில் உண்டா, குடிப்பதற்கு நல்ல நீர் உண்டா, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க உஸ்தாது உண்டா என்பனவே அவை. திருவல்லிக்கேணியிலும் பெரியமேட்டிலும் மண்ணடியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள், வீடு சிறுத்து வாடகை பெருத்த காரணத்தால், பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை, தாம்பரம் எனத் தென்திசை நோக்கி நகர்ந்து வரும் இந்நாளில், நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. அங்கே வீட்டு வரி எவ்வளவு என்பதே அது. மாநகராட்சி எல்லைக்குள் மனை வாங்காதீர்கள், எல்லையைத் தாண்டி ஊராட்சியில் வாங்குங்கள், வரி மிகவும் குறைவு என்று அறிவுரை கூறுவோர் நிக்காஹ் பந்தலிலும் உண்டு. ஜும்ஆ தொழுது வெளிவரும் வாயிற்படியிலும் உண்டு.

இக்கேள்வியை இகழ்வதற்கில்லை. மனையின் விலை ஒருமுறை கொடுத்தால் தீர்ந்துவிடும். வரியோ வீடு உள்ளளவும் ஆண்டுக்கு இருமுறை வந்து நிற்பது. ஓய்வூதியத்தில் காலம் கழிப்போருக்கும், கைம்பெண் ஒருத்தி வாடகைப் பணத்தைக் கொண்டு நடத்தும் குடும்பத்துக்கும் அது சிறிய பாரமன்று. ஆயினும் இது பாதிக் கேள்வியே என்பது நம் கருத்து. மறு பாதியைக் காண நகரங்களின் வரலாற்றையும் நம் சட்ட நூல்களையும் சிறிது புரட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு முன், இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

சென்னை நகருக்கென்று 1919 ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், மாகாணத்தின் பிற நகராட்சிகளுக்கென்று 1920 ஆம் ஆண்டில் வேறொரு சட்டமும் இயற்றப்பட்டன. எல்லைக் கல்லின் வடபுறத்தார் ஒரு சட்டத்துக்கும் தென்புறத்தார் மற்றொரு சட்டத்துக்கும் உட்பட்டு ஏறக்குறைய நூறாண்டு வாழ்ந்தனர். 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே இந்த இரட்டை நிலை அகன்றது. இடையில் எல்லைக் கல்லும் நகர்ந்தது. 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைத் தன்னுள் இணைத்துக்கொண்டு, 174 சதுரக் கிலோமீட்டராக இருந்த சென்னை மாநகராட்சி 426 ஆகப் பெருகியது. ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் ஆகியவை அப்போது உள்ளே சென்றன. பல்லாவரமும் தாம்பரமும் வெளியே நின்றன. பின்னர் 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை என்னும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. இப்பத்தும் தனித்தனி மன்றங்களாக இருந்த நாளில் ஒவ்வொன்றும் தன் தெருக்களுக்குச் சதுர அடிக்கு இன்ன மதிப்பு என்று தானே குறித்துக்கொண்டது. ஆகவே ஒரே அளவுள்ள இரு வீடுகளுக்கு அடுத்தடுத்த ஊர்களில் வெவ்வேறு வரி வந்ததில் வியப்பில்லை.

மாநகராட்சி அமைந்த சில மாதங்களிலேயே, 2022 ஏப்ரலில், மாநிலம் முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. சென்னையின் பழைய நகர்ப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 50 விழுக்காடு, 1200 வரை 75, 1800 வரை 100, அதற்கு மேற்பட்டால் 150 என்று உயர்வு குறிக்கப்பட்டது. 2011 இல் சென்னையோடு சேர்ந்த பகுதிகளுக்கும், தாம்பரம் முதலிய பிற மாநகராட்சிகளுக்கும் இதே படிகளில் 25, 50, 75, 100 என்று குறிக்கப்பட்டது. தென்புறம் நல்லது என்று பலர் முடிவு கட்டியது இந்தக் கணக்கைக் கண்டுதான். உயர்வின் விழுக்காடு வேறு, வரியின் அளவு வேறு என்பதை அவர்கள் கவனித்திலர். குறைந்த தொகை இரட்டிப்பதும் உண்டு. பெருந்தொகை பாதி உயர்வதும் உண்டு. எதன் மீது உயர்ந்தது என்று கேளாமல் எவ்வளவு உயர்ந்தது என்று மட்டும் கேட்பது கணக்கறிந்தோர் செயலன்று.

அவ்வுயர்வு ஏன் அத்தனை கடுமையாக வந்தது என்பதும் நினைக்கத்தக்கது. சென்னையில் அதற்கு முன் நிலைபெற்ற திருத்தம் 1998 இல் செய்யப்பட்டது. பிற ஊர்களில் 2008 இல். 2018 இல் உயர்த்திய வரி, மக்களின் எதிர்ப்பால் 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் உறங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்து நின்று கேட்டால், கொடுப்பவன் திடுக்கிடுவான் அன்றோ? 2024 இல் சென்னை மன்றம் நிறைவேற்றிய 6 விழுக்காட்டு உயர்வைப் போல் சிறிது சிறிதாக ஏறும் முறையைப் பலர் வெறுக்கின்றனர். நமக்கோ, திடீர் அடியைவிட இதுவே அநீதி குறைந்ததாகத் தோன்றுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சென்னையில் வீட்டு வரியோடு கணக்கு முடிவதில்லை. 1978 இல் அமைந்த குடிநீர் வாரியம் ஆண்டு மதிப்பின் மீது 7 விழுக்காடு குடிநீர், கழிவுநீர் வரியாகத் தனியே பெறுகிறது. பரங்கிமலை, பல்லாவரம் பாசறைப் பகுதியில் குடியிருப்போரின் நிலை வேறு. அப்பகுதி பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள கண்டோன்மென்ட் வாரியத்தின் ஆட்சியில் இருப்பது; அவர்கள் வரி செலுத்துவது அவ்வாரியத்துக்கே. எனவே விமான நிலையத்திலிருந்து சில கல் தொலைவுக்குள் மாநகராட்சி இரண்டு, வாரியம் ஒன்று, ஊராட்சிகள் பல என வரி கேட்கும் கைகள் பலவாக உள்ளன. இவற்றுள் எது இலேசான கை என்று கேட்பது இயல்பே.

இனி வரலாற்றுக்கு வருவோம். வரி குறைவு என்று சொல்லி வெளியூராரை அழைத்தல் கடற்கரைப் பட்டினங்களின் பழைய வழக்கம். காகதீய மன்னன் கணபதி தேவன் 1244 இல் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டுப் பொறித்தான். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கலங்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டனர். நாம் முப்பதில் ஒரு பங்கு சுங்கம் தவிர வேறெதுவும் கொள்ளோம் என்று அதில் அபயம் அளித்தான். நம் காயல்பட்டினத்துக்கு அந்நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டியன் அயல்நாட்டு வணிகரை நீதியோடு நடத்துவதால் அவர்கள் அங்கு விரும்பி வருகின்றனர் என்ற பொருளில் எழுதி வைத்தார். பாண்டியனின் அவையில் தகிய்யுத்தீன் அப்துர்ரஹ்மான் அமைச்சராக வீற்றிருந்த காலமும் அதுவே. 1442 இல் ஹிராத்திலிருந்து தூதராக வந்த அப்துர் ரஸ்ஸாக், கோழிக்கோட்டைப் பற்றிச் சொல்லும் செய்தி இன்னும் சுவையானது. சரக்கு விற்றால் நாற்பதில் ஒரு பங்கு சுங்கம், விற்காவிட்டால் ஒன்றுமில்லை, விற்கும் வரை இரவும் பகலும் அதைக் காவல் காப்பவரும் சுங்க அதிகாரிகளே.

நாற்பதில் ஒன்று என்றதும் வாசகர்களுக்கு ஸகாத்து நினைவுக்கு வரும். முஸ்லிம் வணிகரின் சரக்குக்கு உமர் (ரலி) அவர்கள் குறித்த அளவும் அதுவே. கோழிக்கோட்டு சாமூதிரி அதை அறிந்து வைத்தாரா, தற்செயலாக ஒத்ததா என்று ஆராய்வது நம் நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்த நாற்பதில் ஒரு பங்குக்கு வணிகன் பெற்றது காவல். பெற்றது தெரிந்ததால் கொடுத்தது கனக்கவில்லை. இதற்கு மாறானதைக் காண வேண்டுமானால் 1183 இல் அலெக்ஸாந்திரியாவில் இறங்கிய இப்னு ஜுபைரைப் படிக்க வேண்டும். ஹஜ்ஜை நாடி வந்த பயணிகளின் மூட்டைகளைச் சுங்கத்தார் கலைத்துப் போட்டனர். பொருளின் மீது ஓராண்டு கழிந்ததா என்று கூடக் கேளாமல் ஸகாத்து என்ற பெயரால் பிடுங்கினர். சுல்தான் ஸலாஹுத்தீன் இதை அறிந்தால் பொறுக்கமாட்டார் என்று இப்னு ஜுபைர் மனம் புழுங்கினார். தொகையைவிட முறையே அவரை வருத்தியது.

வரி குறைந்த ஊர் எது என்று தேட நாம் கோழிக்கோடு வரை செல்லத் தேவையில்லை. சென்னையே அப்படிப் பிறந்த ஊர். 1639 இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் இடம் பெற்ற ஆங்கில வணிகக் குழுவார், மறு ஆண்டு கோட்டை எழுப்பத் தொடங்கியபோது, இங்கு வந்து குடியேறுவோர் உண்ணும் பொருளுக்கும் அருந்தும் பொருளுக்கும் உடுக்கும் பொருளுக்கும் முப்பது ஆண்டுகள் சுங்கம் இல்லை என்று பறைசாற்றினர். நெசவாளரும் சாயமிடுவோரும் துவிபாஷிகளும் வணிகரும் திரண்டு வந்தனர். வெறும் மணல்மேடு சில ஆண்டுகளில் பட்டினமாயிற்று. தாம்பரத்தைத் தாண்டினால் வரி குறைவு என்று இன்று பேசுவோரின் முன்னோர், அன்று கோட்டையின் வடபுறத்தைப் பற்றி அவ்வாறே பேசியிருப்பர்!

முப்பது ஆண்டு கழிந்தது. பட்டினம் பெருத்தது. பெருத்த பட்டினத்துக்குக் காவலும் மதிலும் துப்புரவும் வேண்டியிருந்தன. அச்செலவை யார் தாங்குவது? குழுவின் இலாபத்திலிருந்து கொடுக்க இலண்டனில் இருந்த முதலாளிகளுக்கு மனமில்லை. கறுப்பர் நகரம் என்று அவர்கள் அழைத்த வடபுறக் குடியிருப்பின் மதில் செலவுக்காக, ஆளுநர் வில்லியம் கிஃபோர்டு காலத்தில் வீடுகளின் மீது வரி விதிக்க முயன்றனர். 1686 தொடக்கத்தில் நகரம் கொதித்தெழுந்தது. கடைகள் அடைபட்டன, உணவுப் பொருள் வருவது நின்றது. எதிர்ப்போரின் வீடுகளைப் பறித்து ஊரைவிட்டே அகற்றுவோம் என்று அச்சுறுத்தித்தான் அரசு அதை அடக்கியது. வரியில்லா ஊர் என்று வந்தவர்கள், வரி கொடாவிட்டால் வீடில்லை என்ற சொல்லைக் கேட்கும்படி ஆயிற்று.

இங்கே குழுவின் தலைவர் ஜோஸையா சைல்டு ஒரு தந்திரத்தைக் கண்டார். நாம் அதிகாரத்தால் ஆறு பென்ஸ் கேட்டால் கொடுக்க முனகும் மக்கள், தம்மவர் கூடிய மன்றம் பொது நன்மைக்கென்று ஐந்து ஷில்லிங் கேட்டால் மனமுவந்து கொடுப்பர் என்பது அவர் எழுதியதன் சாரம். அதன் விளைவே 1688 செப்டம்பர் 29 இல் தொடங்கிய சென்னை நகரசபை. ஒரு மேயர், பல இனத்தவரும் இடம்பெற்ற பன்னிரு ஆல்டர்மேன்கள், அறுபது நகரப் பிரதிநிதிகள். இந்நாட்டின் முதல் மாநகராட்சி என்று நாம் பெருமையோடு கூறும் அமைப்பு வரி தண்டுவதற்கென்றே பிறந்தது என்று கேட்கச் சிலருக்கு வருத்தமாக இருக்கும். நமக்கு அதில் வருத்தமில்லை. சைல்டின் நோக்கம் தன்னலமே. அவர் கண்ட உண்மையோ நம் பழைய சட்ட மேதைகள் முன்பே கண்டது. அதைப் பின்னர் சொல்வோம்.

மதிலின் கதை இன்னும் முடியவில்லை. 1767 இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறநகர்களுள் புகுந்தது. 1769 இல் ஹைதரே பரங்கிமலைப் பக்கம் வந்து நின்று ஆங்கிலேயரைத் தாம் விரும்பிய உடன்படிக்கைக்கு இணங்க வைத்தார். அந்த நடுக்கத்தில், புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு பெருமதில் எழுப்பினர். அதைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியவர் பால் பென்ஃபீல்டு. சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிய நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்குக் கடன் மேல் கடன் கொடுத்து, கர்நாடகத்தின் வருவாயையே அடகாகக் கொண்டவர்களுள் இப்புண்ணியவானும் ஒருவர். மதில் 1772 அளவில் முடிந்தது. அதன் செலவை உள்ளே வாழ்வோரிடம் மதில் வரியாகப் பெற எண்ணினர். எதிர்ப்பு எழுந்தது, அவ்வரி தண்டப்படவே இல்லை. பின்னாளில் மதிலும் இடிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. சென்ட்ரல் நிலையத்தின் அருகே செல்லும் சாலைக்கு வ.உ.சி. சாலை என்று புதுப்பெயர் சூட்டிய பிறகும் மக்கள் வால்டாக்ஸ் சாலை என்றே அழைக்கின்றனர். மதிலின் ஒரு துண்டு இராயபுரத்தருகே மாடிப் பூங்காவாக நிற்கிறது.

ஹைதரின் குதிரைகள் முதலில் மிதித்தது மதிலுக்கு உள்ளே இருந்தவர்களை அன்று. பரங்கிமலை, சாந்தோம் எனத் திறந்து கிடந்த தென்புறச் சிற்றூர்களை. மதில் எழுந்ததோ வடக்கே. வரியும் இல்லை, மதிலும் இல்லை என்ற நிலையில் தென்புறத்தார் இருந்தனர். அவர்களின் சுமை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மதிலுக்கு வரி கேட்கலாமா என்னும் இதே வினா, சென்னைக்கு முந்நூறு ஆண்டு முன்பே ஸ்பெயினின் கிரானடாவில் எழுந்தது. கிறிஸ்தவ அரசுகள் நெருக்கிக்கொண்டிருந்த அந்நாளில் அரண்களைப் பழுது பார்க்க மக்களிடம் பொருள் பெறலாமா என்று கேட்கப்பட்டது. பெரும் முஃப்தியாக விளங்கிய இப்னு லுப் (ரஹ்) அவர்கள் கூடாது என்றார். அவருடைய மாணவரான இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் கூடும் என்றார். பைத்துல்மாலில் பொருள் இல்லாதபோது, ஊரின் நலம் கெட்டால் ஒவ்வொருவரின் நலமும் கெடும் என்பது அவருடைய வாதம். ஆசிரியருக்கு மாறாக மாணவர் ஃபத்வா கொடுத்தார் என்பதைக் கண்டு மதரஸா மாணவர்கள் வியக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் அது அதபுக்குக் குறைவாகக் கருதப்படவில்லை.

ஆனால் இந்த அனுமதிக்கு ஒரு கடிவாளம் உண்டு. தாத்தாரியர் பக்தாதை அழித்துவிட்டு எகிப்தை நோக்கி வந்தபோது, போர்ச் செலவுக்கு மக்களிடம் வரி கேட்க சுல்தான் குத்ஸ் ஃபத்வா நாடினார். இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், முதலில் படைத்தலைவர்களின் பொற்கச்சைகளும் அரண்மனையின் ஆடம்பரப் பொருள்களும் விற்கப்படட்டும். அவர்களும் பொதுமக்களும் ஒரே நிலைக்கு வந்த பிறகு கேளுங்கள் என்றார். 1260 இல் ஐன் ஜாலூத்தில் கிடைத்த வெற்றிக்கு முந்திய நிகழ்ச்சி இது. வரி கேட்பவரின் இடுப்பில் பொன் மின்னக்கூடாது என்ற இந்த நிபந்தனையை, மன்றக் கட்டடங்களின் திறப்பு விழாக்களைக் காணும்போதெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

போரும் மதிலும் பெரிய செய்திகள். தெருவிளக்குக்கும் கால்வாய்க்கும் நம் நூல்கள் என்ன சொல்கின்றன? ஹனஃபி மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில், பிணை நிற்றலைப் பற்றிய பாடத்தில், நவாயிப் என்றொரு சொல் வருகிறது. மக்களுக்கு நேரிடும் பொதுச் சுமைகள் என்று அதற்குப் பொருள். அநியாயமாகச் சுமத்தப்படுவனவும் அதில் உண்டு, நியாயமானவையும் உண்டு. நியாயமானவற்றுக்கு இமாம் மர்ஃகீனானீ (ரஹ்) அவர்கள் காட்டும் உதாரணங்களுள் இரண்டு, பொதுக் கால்வாயைத் தோண்டும் செலவும் மஹல்லாவின் காவலனுக்குரிய கூலியும். இவற்றுக்காக ஒருவன் பிணை நிற்பது செல்லும் என்பது ஒருமித்த கருத்து. இத்தகைய சுமையை மக்களிடையே நீதியாகப் பங்கிட்டு வாங்குபவன் நற்கூலி பெறுவான் என்றும் ஹனஃபி நூல்களில் காணலாம். வரி என்றாலே மக்ஸ், மக்ஸ் என்றாலே ஹராம் என்று ஒரே மூச்சில் கூறிவிடுவோர் இப்பாடத்தை ஊன்றி ஓதியவர் அல்லர். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் சந்தை அமைத்து, அதன் மீது வரி விதிக்கப்படலாகாது என்று கூறியதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் தொடர் பலவீனமானது என்பர். அது உண்மையாயினும், சந்தையில் இடம் பிடிப்பதற்கு வாங்கும் கட்டணமும், கால்வாய் தூர்வாரப் பங்கிட்டுக்கொள்ளும் செலவும் ஒன்றாகா.

அதே காவலன் கூலி அநியாயமாக மாறுவதற்கும் வரலாறு சான்று தருகிறது. 1816 இல் பரேலி நகரில் ஆங்கில அரசு சௌக்கிதார் வரி என்ற பெயரால் வீடுதோறும் பணம் கேட்டது. முதியவரான முஃப்தி முஹம்மது இவழ் மக்களின் குறையை எடுத்துரைக்க முன்னின்றார். பூசல் மூண்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஹிதாயா நன்கறிந்த முஃப்தி காவலனின் கூலியை ஏன் எதிர்த்தார்? கூலி அநியாயமன்று; யாரைக் கேட்டு விதித்தீர், காவலன் யாருக்குக் கட்டுப்பட்டவன் என்ற கேள்விக்கு விடை இல்லாததே அநியாயம் என்று நாம் கொள்கிறோம். முன்னர்ச் சைல்டு தன்னலத்தால் கண்ட உண்மை இதுதான்.

இப்போது மீண்டும் தாம்பரத்துக்கு வருவோம். 2021 இல் மாநகராட்சி அமைந்தபோது முடிச்சூர் முதலிய ஊராட்சிகள் வெளியே நின்றன. வரி குறைவு என்பதற்கு எடுத்துக்காட்டாக மக்கள் சுட்டியதும் அத்தகைய ஊர்களையே. ஊராட்சி வீட்டு வரி நகரத்து வரியை நோக்கச் சிறியது என்பது மெய்யே. ஆனால் அவ்வீட்டார் வேறு யாருக்கு எவ்வளவு கொடுக்கின்றனர் என்று கேட்டோர் சிலரே. கோடையில் வாசலில் நிற்கும் தண்ணீர் லாரிக்கு ஒரு தொகை. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் கழிவுத் தொட்டியை இறைக்க வரும் லாரிக்கு ஒரு தொகை. குடிநீர்க் கேன் நாள்தோறும். ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கும்போது மீண்டும் தோண்டுவதற்கு ஒரு பெருந்தொகை. தெரு முனையின் காவலாளிக்குக் குடியிருப்போர் சங்கம் வாங்கும் மாதச் சந்தா. இவற்றுக்கு எவரும் வரி என்று பெயரிடவில்லை. ஆயினும் கால்வாயும் காவலனும் ஹிதாயாவில் எந்தப் பெயரால் வருகின்றனவோ, இவையும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான். மன்றத்தின் வரி வீட்டின் அளவை நோக்கிப் பெரியவனிடம் பெரிதாகவும் சிறியவனிடம் சிறிதாகவும் கேட்கிறது. லாரிக்காரன் மாடி வீட்டுக்காரனிடமும் ஓட்டு வீட்டுக்காரியிடமும் ஒரே விலை கேட்கிறான். வாசகர்கள் தம் வீட்டில் ஓராண்டுக்கு எத்தனை லாரி வந்தது என்று எண்ணி, விலையால் பெருக்கி, வரி ரசீதின் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். பல வீடுகளில் ரசீது சிறிதாகத் தோன்றும்.

இதைவிடப் பெரிய கணக்கை 2015 டிசம்பரில் அடையாறு எழுதிக் காட்டியது. வரதராசபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் ஆகிய இடங்களில் வீடுகளுக்குள் ஆள் உயரத்துக்கு நீர் ஏறியது. படகில் ஏற்றி மக்களை மீட்டனர். 2023 டிசம்பர்ப் புயலிலும் அப்பகுதிகளில் நீர் சூழ்ந்தது. ஆற்றின் கரையையும் ஏரியின் வழிகாலையும் மனையாக்கி விற்றவர் யாரோ, அனுமதித்தவர் யாரோ, இழந்தது வீடு வாங்கியவர். நகராட்சிக்கு உட்பட்ட மேற்குத் தாம்பரமும் அன்று நீரில் மூழ்கியதை நாம் மறைக்கவில்லை. வரி கொடுத்த ஊரெல்லாம் காக்கப்படும் என்பது நம் வாதமன்று. கொடுத்தவனுக்கு மன்றத்தில் எழுந்து என் பணத்துக்கான வடிகால் எங்கே என்று கேட்கும் உரிமை கூடுதலாக உண்டு என்பதே. பத்து ஊர்கள் ஒரே மாநகராட்சியானதால் தாம்பரத்துக்கு 70 வார்டுகள் உண்டாயின. 2022 பிப்ரவரியில் முதல் தேர்தலும் நடந்தது. செம்பாக்கத்தின் உபரி நீர் எங்கே போகிறது என்பது இன்று ஒரே மன்றத்தின் கேள்வி. முன்பு அது ஒரு மன்றத்தின் எல்லையில் முடிந்து, அடுத்த மன்றத்தின் தலைவலியாகத் தொடங்கிற்று.

மன்றத்தின் மீதும் நமக்குக் குறை உண்டு. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்த தெருவும் வராத தெருவும் ஒரே மாநகராட்சிக்குள் இருக்க, இருவரிடமும் உயர்வைக் கேட்பது கிரானடாவின் ஃபத்வாவுக்குப் பொருந்தாது. அங்கே மதில் அனைவரையும் சூழ்ந்திருந்தது. வரி குறைக்கப்பட்டதாகச் சொல்லும் இடத்திலும் நாம் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 1070 இல் அரியணை ஏறிய குலோத்துங்கனைச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று நாடு புகழ்ந்தது. 1086 இல் நிலத்தை மறுபடியும் அளக்கச் செய்தவரும் அவரே. வழியில் விட்டதை வயலில் எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் சோழ வரலாற்று அன்பர்கள் சினம் கொள்ளலாகாது. இப்னு கல்தூன் முகத்திமாவில், அரசின் தொடக்கத்தில் சிறிய வரி பெரிய வருவாயைத் தருகிறது, முடிவில் பெரிய வரி சிறிய வருவாயைத் தருகிறது என்று கூறியதைப் பலர் அறிவர். சிறிய வரி தந்த வருவாய் குடிகள் மன நிறைவோடு உழைத்ததால் வந்தது என்று அவர் சொன்ன காரணத்தை அந்த அளவு நினைவில் வைப்பதில்லை.

ஆகவே தென்புறத்தில் வீடு தேடும் குடும்பத்தார், விற்பவரிடம் வரி எவ்வளவு என்று கேட்கும்போதே சிலவற்றைச் சேர்த்துக் கேட்பது நலம். வரி எந்த ஆண்டின் மதிப்பின் மீது வந்தது? கட்டடம் உயர்ந்த பிறகு மறு அளவீடு ஆயிற்றா? ஒரு தளம் இருந்தபோது போட்ட வரியை மூன்று தளம் எழுந்த பின்பும் செலுத்திக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. வாங்கியவரின் பெயருக்கு மாற்றும் நாளில்தான் அது வெளிப்படும். தண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியில் வருகிறதா? 2015 இல் எந்தப் படி வரை நீர் ஏறியது? பக்கத்து வீட்டாரைக் கேட்டால் விற்பவர் சொல்லாததையும் சொல்வர். பள்ளிவாசலுக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. பள்ளிவாசலைச் சார்ந்த வக்ஃபுக் கடைகளுக்கு அவ்விலக்கு தானே வந்துவிடாது என்பதை முதவல்லிகளும் அறிந்து வைப்பது நன்று. விற்றவர் கட்டாது விட்ட வரி அவரோடு போய்விடுவதில்லை. அது வீட்டின் மீதே நிற்கும் கடன். வீட்டோடு வாங்கியவரிடம் வந்து சேரும். எனவே கிரயப் பத்திரம் எழுதுமுன் கடைசி அரையாண்டு வரையிலான ரசீதுகளைக் கையில் வாங்கி, அதில் உள்ள சதுர அடிக் கணக்கைக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.